வாய் திறந்த கொழுக்கட்டை

பூரணிக்கு அம்மை போட்டு அன்றைக்கு ஏழாம் நாள். முகத்திலும் முதுகிலும் முத்துகள் நெருக்கமாக இறங்கியிருந்தன. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அதையெல்லாம் வீரய்யா எப்படியோ பொறுத்துக்கொண்டார். மூன்று நாளாக மகளின் வாயில் கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை என்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

தை மாதக் கடைசி. கருங்காட்டுத் தோட்டத்தில் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடந்தது. தேயிலையின் நுனி பனியில் கருகிப்போனதால் கொழுந்து குறைவு. பெண்கள் மத்தியானத்தோடு மலையிறங்கிவிடுவார்கள். கந்தப்பளைப் பக்கம் இப்படியொரு குளிர் விழுந்து எட்டுப் பத்து வருடமாகிறது என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் பேசிக்கொண்டார்கள். வீரய்யாவுக்குக் குளிரைப் பற்றி நினைக்க நேரமில்லை. ஏழு நாளாக லயத்து வீட்டு வரிசையின் இஸ்தோப்புத் திண்ணையில், தன் காம்பராக் கதவுக்கு வெளியே, சாக்கை விரித்துத்தான் படுக்கிறார். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியே போய்வருகிறவர்கள் நுழையக் கூடாது. அதிலும் அவரைப்போலப் பங்களாக் குசினியில் இறைச்சியும் எண்ணெயுமாக நிற்கிற ஆள் நுழையவே கூடாது.

விடிந்ததும் கதவோரம் குந்தி உட்கார்ந்து கேட்டார்.

"என்ன புள்ள, ராத்திரி ஏதாச்சும் குடிச்சாளா?"

"இல்லீங்க." உள்ளேயிருந்து மனைவி அம்மாக்கண்ணுவின் குரல் மட்டும் வந்தது.

"மோரு?"

"ஒதட்டுல வச்சேன். தலையத் திருப்பிக்கிட்டா."

"சீனித் தண்ணி குடுத்துப் பாத்தியா?"

"எல்லாம் குடுத்தாச்சுங்க. கேட்டதையே கேக்காதீங்க."

கதவு நிலையில் ஒரு கொத்து வேப்பிலை தொங்கியது. இந்தக் குளிர் மலையில் வேப்பமரம் ஏது? மாத்தளையிலிருந்து வருகிற பஸ்காரரிடம் சொல்லிவைத்து, கந்தப்பளைக் கடை ஒன்றில் இறக்கச் செய்து, பக்கத்துக் காம்பரா வேலாயி மடியில் ஒளித்துக் கொண்டுவந்த கொத்து அது. ஏழு நாளில் காய்ந்து சுருண்டுவிட்டது. ஆனாலும் அதை எடுக்க அம்மாக்கண்ணு விடவில்லை.

"நீங்க போங்க. அங்க போயி..." அவள் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு புள்ள. எறச்சி கையால தொட மாட்டேன். புள்ளைக்கு மூணாந் தண்ணி ஊத்துற வரைக்கும் தொட மாட்டேன்."

அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதுதான் அவரைக் கொன்றது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மூத்தவன் சோலைமலைக்கும் இப்படித்தான் அம்மை போட்டது. அது கிறிஸ்மஸ் சமயம். பங்களாவில் இருபது வெள்ளைக்காரர்களுக்கு விருந்து. வான்கோழியை வாட்டி, வயிற்றுக்குள் இறைச்சி அடைத்து, கை மணக்க மணக்க வேலை செய்துவிட்டு வந்து, பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் வாசல்வரை போய் நின்றுவிட்டார். மறுநாள் பையன் போய்விட்டான். ஐந்து வயது. அம்மாக்கண்ணு அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுதாள், சமைத்தாள், கொழுந்து பறிக்கப் போனாள். 'உன்னால்தான்' என்று ஒருநாள் அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் வீரய்யா காலில் விழுந்து அழுதுவிட்டு எழுந்திருப்பார். அவள் திட்டவேயில்லை. இரண்டு வருடமாக அந்தத் திட்டுக்காக அவர் காத்துக்கொண்டிருந்தார்.

அம்மை விஷயம் லயத்தில் மூன்று வீட்டுக்குத்தான் தெரியும். தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. டிஸ்பென்சரி மருந்து ஐயா காதுக்குப் போனால் லொறி வரும். பிள்ளையைத் தூக்கிப்போட்டுக்கொண்டு தூரத்துக் காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குப் போகும். தாயைக் கூட இருக்க விடமாட்டார்கள். தண்ணியும் குடிக்காத பிள்ளையை முகம் தெரியாதவர்களிடம் எப்படிக் கொடுப்பது? லீவு கேட்கலாமென்றால் ஏன் என்று தோட்டத்துப் பெரிய தொரை கேட்பார். அதனால் ஒன்றும் நடக்காதவர்போல வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினார்.

குசினியில் அவருடைய உதவியாள் சின்னராசா அடுப்பு மூட்டியிருந்தான். முப்பது வயது ஆள், மூன்று பிள்ளைக்காரன். இறைச்சி வெட்டுவது, கழுவுவது, பொரிப்பது எல்லாம் ஏழு நாளாக அவன்தான். வீரய்யா தள்ளி நின்று சொல்லிக்கொடுப்பார். சூப்பும் புட்டிங்கும் மட்டும் அவர் கையால் நடக்கும். பதினான்கு வருடமாகப் பெரிய பங்களாவில் சமைக்கிறவர். அவர் சொன்னால் நடக்கும்.

"பாப்பாவுக்கு எப்படிண்ணே?"

"மெதுவாப் பேசுடா."

"யாருண்ணே இங்க இருக்கா? தொரை இன்னும் எந்திரிக்கல. அந்த மங்கோலியாக்காரருதான் விடியக்காலையே பனியில வெறுங்கால்ல புல்லு மேல நடக்குறாரு. அதுல அவருக்கு ஒரு சந்தோசம்."

மங்கோலியாக்காரர் வந்து நான்கு நாளாகிறது. பெயர் தம்தின். தேயிலை வாங்குவதைப் பற்றிப் பேச அவர் நாட்டு அரசாங்கம் அனுப்பிய ஆள். கூடவே கொழும்பு அரசாங்கக் கந்தோரிலிருந்து சண்முகராஜா என்று ஒருவர். அவர் மாஸ்கோவில் படித்தவராம். தம்தின் ரஷ்யப் பாஷையில் சொல்வதை இவர்தான் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வார். பெரிய தொரைக்கு வந்த விருந்தாளியைத் தாங்கு தாங்கென்று தாங்குவதே வேலையாகிவிட்டது. விருந்தாளியோ சாப்பிடுவதாக இல்லை. ரோஸ்ட் போனது போலவே திரும்பி வந்தது. மீனை வாசம் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். புட்டிங்கைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். தேத்தண்ணி மட்டும் குடித்தார். அதிலும் பாலை ஊற்றிக் கொதிக்கவைத்து, சீனிக்குப் பதில் உப்பைப் போட்டு.

"தொரை மொகத்தப் பாத்தீங்களாண்ணே அன்னைக்கு?" சின்னராசா சிரித்தான். "நல்ல கொழுந்துத் தேயிலையில ஒரு கரண்டி உப்பு. தொரைக்கு நெஞ்சடைச்சுப் போச்சு. நான்தான் டப்பாவ மாத்தி வச்சிட்டேனோன்னு எனக்கு நடுக்கம்."

வீரய்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிடாத விருந்தாளியைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிடாத மகள் ஞாபகந்தான் வந்தது.

எட்டு மணிக்குப் பெரிய தொரை குசினிக்கே வந்துவிட்டார். அவர் குசினிப் பக்கம் வருகிற ஆளில்லை. பின்னால் சண்முகராஜா நின்றார்.

"வீரய்யா! இன்றைக்கு மத்தியானம் நீ இந்த மனுசன் ஊர்ச் சாப்பாடு செய்ய வேணும்."

"என்னங்க தொரை செய்யணும்?"

தொரை சண்முகராஜாவைப் பார்த்தார். அவர் முன்னால் வந்து சொன்னார். "அவங்க நாட்டில இப்ப புது வருஷம். நம்ம ஊரில பொங்கல் மாதிரி. வீட்டுக்கு வீடு இதைத்தான் செய்வாங்களாம். பேர் பூஸ். கோதுமை மாவைப் பிசைஞ்சு, சின்னச் சின்ன வட்டமாத் தேய்ச்சு, கொத்தின ஆட்டிறைச்சியை நடுவில வச்சு, சுத்திக் கிள்ளி மடிச்சு, ஆவியில அவிக்கிறது. சீனாவிலயும் திபெத்திலயும் இப்படி உண்டு. ஒவ்வொரு ஊரில ஒவ்வொரு பேர்."

"அட, கொழுக்கட்டை!" என்றான் சின்னராசா.

"அப்படித்தான். ஆனா உள்ள தேங்காய்ப் பூவும் சக்கரையும் இல்ல. இறைச்சி."

தொரை வீரய்யாவின் நெஞ்சை நோக்கி விரலை நீட்டினார். "நீயே செய்ய வேணும். சின்னராசா அல்ல. உன் கைதான் நல்ல கை. ஆடு வாங்கக் காரை அனுப்பியாச்சு. அந்த மனுசன் சாப்பிட்டால்தான் நமக்கு வியாபாரம். விளங்கிச்சா?"

"விளங்குச்சுங்க தொரை."

தொரை போன பிறகு வீரய்யா நின்ற இடத்திலேயே நின்றார். பிசையவும் கிள்ளவும் கையாலல்லாமல் எதனால் செய்வது? கரண்டி பிடித்துத் தப்பிக்கிற சமையலா இது? பத்து விரலும் இறைச்சியில் தோய வேண்டும். கதவுக்கு உள்ளேயிருந்து 'ஞாபகம் இருக்குல்ல' என்று கேட்ட குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. முடியாது என்று சொன்னால் தொரை காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால் லொறி வரும்.

"அண்ணே, நான் செய்யுறேன். நீங்க சும்மா நில்லுங்க."

"தொரை வந்து பாப்பாருடா. அந்த மனுசனும் வருவாரு. என் கைய எங்க கொண்டுபோயி வைக்க?"

வீரய்யா பழைய மேசைத் துணி ஒன்றைக் கிழித்து, வலது கையில் விரல் நுனிவரை சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார்.

"சுடுதண்ணி ஊத்திக்கிச்சுன்னு சொல்லு. அடுப்புல இருந்த கேத்தல் கவுந்துபோச்சு."

சின்னராசா அந்தக் கட்டையே பார்த்தான். "பொய்க் கட்டுப் போடுறது நல்லதில்லண்ணே."

"நல்லது கெட்டது பாக்குற நேரமாடா இது?"

பதினொரு மணிக்குக் கார் திரும்பி வந்தது. தொடைக்கறியும் ஒரு கை நிறைய வெள்ளைக் கொழுப்பும். சின்னராசா பலகையில் வைத்துக் கத்தியால் கொத்தத் தொடங்கினான். வீரய்யா ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்று வருகிற பக்கமாக நின்றுகொண்டு வேலை வாங்கினார். மாவுக்கு என்ன தண்ணீர் என்று சண்முகராஜா சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கொழுக்கட்டை என்றால் கொதிக்கிற தண்ணீர்தானே? அரிசி மாவுக்கு ஊற்றுவதுபோல வெந்நீரைக் கொட்டிக் கிளறியதும் கோதுமை மா பசையாகி, சின்னராசாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. எப்படியோ மாவைச் சேர்த்து உருட்டி, நடுவே இறைச்சி வைத்து, காற்றுப் போகாமல் வாயை அழுத்தி மூடி ஒரு வரிசை செய்து வைத்தான். அவன் வீட்டில் பிள்ளையாருக்குச் செய்கிற மாதிரியே கூம்பு கூம்பாக இருந்தது.

அப்போதுதான் தம்தின் உள்ளே வந்தார். அகன்ற முகம், ஐம்பது வயதிருக்கும், கோட்டைக் கழற்றிச் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தார். பலகையில் இருந்த வரிசையைப் பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினார். அவர் சிரித்த சிரிப்பில் அலமாரிப் பீங்கான்கள் குலுங்கின.

சண்முகராஜா ஓடி வந்தார். "வாயை ஏன் மூடினீங்கன்னு கேக்கிறார். மேல ஒரு ஓட்டை விடவேணுமாம். ஆவி போக."

"வாயப் பொளந்துக்கிட்டு நின்னா அது கொழுக்கட்டையாங்க?" என்றான் சின்னராசா மனத்தாங்கலாக. "எங்க வீட்டுல பொளந்தத இலையில வைக்கவே விடமாட்டாங்க."

அதைப் பெயர்த்துச் சொல்லும்வரை தம்தின் காத்திருக்கவில்லை. பசை மாவை ஒதுக்கினார். புது மாவைக் கொட்டி, பச்சைத் தண்ணீரைத் தெளித்து, தன் கையாலேயே பிசையத் தொடங்கினார். அந்த நாட்டு அரசாங்கத்தின் ஆள், தேயிலையை ஆயிரம் பெட்டி ஆயிரம் பெட்டியாகக் கேட்க வந்தவர், குசினி முக்காலியில் உட்கார்ந்து மாப் பிசைந்தார். பூரிக்கட்டை சரிப்படாமல் காலிப் பியர் போத்தலை வாங்கி உருட்டினார். வாய்க்குள் ஏதோ பாட்டும் ஓடியது. சின்னராசா மிளகாயையும் கறிவேப்பிலையையும் நீட்டியபோது தலையை ஆட்டிவிட்டார். வெங்காயம், உப்பு, கொழுப்பு. வேறொன்றும் கூடாது.

சின்னராசா வீரய்யாவின் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தான். "என்னண்ணே இது, மொளகாயும் இல்ல, தாளிப்பும் இல்ல, வெறும் அவிச்சலு. அம்மை போட்ட வீட்டுச் சமையலாட்டம்ல இருக்கு?"

"வாய மூடு."

இடியாப்பத் தட்டுகளில் எண்ணெய் தடவி, பெரிய அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். தம்தின் ஒரு வட்டத்தை உள்ளங்கையில் விரித்து, இறைச்சியை வைத்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டு போனார். உச்சியில் ஒரு சின்ன வாய் திறந்தபடி நின்றது. அதை வைத்துவிட்டு, இன்னொரு வட்டத்தை எடுத்து வீரய்யாவிடம் நீட்டினார்.

வீரய்யா கட்டுப் போட்ட கையைக் காட்டினார். "சுடுதண்ணிங்க."

அந்த நேரம் பார்த்துப் பெரிய தொரையும் வாசலில் வந்து நின்றார். "என்ன இது, வீரய்யா? கையில் என்ன?"

"கேத்தல் கவுந்துருச்சுங்க தொரை. காலையில."

"மடையன்! இன்றைக்குத்தானா?"

தம்தின் எழுந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, வீரய்யாவின் மணிக்கட்டைப் பிடித்தார். புண்ணைப் பார்க்க வேண்டும் என்பது புரிந்தது. வீரய்யா இழுத்தார். பிடி விடவில்லை, குதிரையைப் பிடித்துப் பழகிய கை போலிருந்தது. முடிச்சை அவிழ்த்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. தொரை மூன்று அடி தள்ளித்தான் நிற்கிறார். பொய் சொன்னாயா என்று கேட்பார். ஏன் சொன்னாய் என்று கேட்பார். சாயங்காலத்துக்குள் லொறி வந்துவிடும். வீரய்யாவின் மனசுக்குள் பூரணியை ஒரு கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைசிச் சுற்று விலகியது. ஒரு கொப்புளமில்லை, ஒரு சிவப்பில்லை. நன்றாயிருந்த கை.

தம்தின் கையைப் பார்த்தார். பிறகு வீரய்யாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அவர் என்ன கண்டாரோ தெரியாது. நடுங்குகிற உதட்டைக் கண்டிருப்பார். கண்ணில் முட்டிய தண்ணீரைக் கண்டிருப்பார். தன் அகன்ற முதுகைத் தொரைக்குக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, அதே துணியை அதே மாதிரி, முன்னைவிட இறுக்கமாகச் சுற்றிக் கட்டினார். கட்டிக்கொண்டே ரஷ்யப் பாஷையில் ஏதோ சொன்னார்.

"நல்லா வெந்திருக்காம்," என்றார் சண்முகராஜா. "ரெண்டு மூணு நாளைக்கு ஒரு வேலையும் செய்யக் கூடாதாம். மிச்சத்தை அவரே செய்யிறாராம். அதுதான் அவங்க வழக்கமாம். புது வருஷத்துக்கு எல்லாரும் கூடியிருந்து செய்யிறது."

தொரை தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். வீரய்யா சுவரில் சாய்ந்துகொண்டார்.

அன்று மத்தியானம் தம்தின் பதினாறு தின்றார். கையால் எடுத்து, விளிம்பைக் கடித்து, உள்ளே ஊறியிருந்த சாற்றை உறிஞ்சிவிட்டுத் தின்ன வேண்டும் என்று காட்டினார். தொரை முள்ளுக்கரண்டியால் குத்தி, சாற்றைக் கழுத்துப்பட்டியில் சிந்திக்கொண்டு இரண்டோடு நிறுத்தினார். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். பரிமாறி முடியும்வரை வீரய்யா ஆவி பறக்கிற சட்டியின் பக்கத்தில் நின்று, எந்தத் தட்டு வெந்தது, எதை இறக்க வேண்டும் என்று சின்னராசாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இறைச்சியைத் தொடவில்லை. ஒரு துளிகூடத் தொடவில்லை. அதை நினைக்க நினைக்க ஏழு நாளில் முதல் தடவையாக மனசு கொஞ்சம் லேசானது.

வீரய்யா வீட்டுக்குப் புறப்படுகிற சமயம் தம்தின் பின்வாசலுக்கு வந்தார். ஒரு எனாமல் தட்டில் நாலு பூஸ். அதை வீரய்யாவின் இடது கையில் வைத்தார். வேண்டாம் என்று தலையாட்டியும் கேட்கவில்லை. கீழே லயத்துப் பக்கம் விரலைக் காட்டினார். இடுப்பளவுக்குக் கையைத் தாழ்த்திப் பிள்ளை என்று காட்டினார். இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார். வீரய்யா ஒரு விரலைக் காட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு விரலைக் காட்டி, ஒன்றை மடக்கினார். தம்தின் தட்டை அவர் நெஞ்சோடு சேர்த்து அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொடுத்ததை வீசவும் முடியாது, வீட்டுக்குள் கொண்டுபோகவும் முடியாது. தலைத்துண்டால் தட்டை மூடி எடுத்துக்கொண்டு இறங்கினார். வேலாயி வீட்டில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். நாலு மணிக்கே மூடுபனி கீழ்மலையை மூடிக்கொண்டு வந்தது. லயத்துக்கு வந்ததும் தட்டை இஸ்தோப்பின் கடைசிக் கல்லில் வைத்துவிட்டுக் கதவோரம் போனார்.

"அம்மாக்கண்ணு, புள்ள எப்படி இருக்கா?"

கதவு ஒருக்களித்துத் திறந்தது. அம்மாக்கண்ணு தலைசீவி ஏழு நாளாகிவிட்டது. கண் உள்ளே போயிருந்தது. அவள் மூக்கு விரிந்தது.

"எறச்சி வாசம் அடிக்குது."

"நான் தொடல புள்ள. சத்தியமா தொடல. இந்தா பாரு, கையில கட்டுகூடப் போட்டு..."

"தல பூராவும் அடிக்குது. சட்ட பூராவும் அடிக்குது." அவள் குரல் உயரவில்லை, அடங்கிப் போயிற்று. "காலையில இருந்து கண்ணத் தொறக்கல அவ. வேலாயி வந்து பாத்துட்டுக் கண்ணத் தொடச்சிக்கிட்டுப் போறா. இப்ப வந்து இப்படி நிக்கிறீங்களே."

வீரய்யா தன் சட்டையை மோந்து பார்த்தார். கையைத்தான் காத்தார், ஆவியைப் பற்றி நினைக்கவில்லை. மூன்று மணி நேரம் அந்தச் சட்டியின் பக்கத்தில் நின்றிருக்கிறார். ஆட்டுக் கொழுப்பின் வாசம் தலைமுடி வரைக்கும் ஊறியிருந்தது. பதினான்கு வருடம் குசினியில் நின்றவனுக்கு இது தெரியவில்லையே! போன தடவையும் இதே வாசலில் இதே மாதிரி வந்து நின்றோமே!

திரும்பிப் பீலிக்கு ஓடினார். மலைத்தண்ணீர் மூங்கில் வழியே கொட்டுகிற இடம். தை மாதத்துச் சாயங்காலத்தில் யாரும் அங்கே குளிக்கமாட்டார்கள். சட்டையோடு வேட்டியோடு தலையைக் கொடுத்து நின்றார். தண்ணீர் உச்சியில் இறங்கியபோது மூச்சு நின்றுபோயிற்று. மண்ணை அள்ளித் தலையில் தேய்த்தார். குடம் எடுத்து வந்த வேலாயி பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அண்ணே! பைத்தியமா புடிச்சிருக்கு? வெறச்சு விழுந்திருவீங்க."

"வாசம் போச்சா பாரு வேலாயி."

"என்ன வாசம்?"

"மோந்து பாரு. போச்சான்னு சொல்லு."

வேலாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போச்சுண்ணே. போயி ஈரத்தத் தொடைங்க."

பல் அடித்துக்கொள்ள வந்து, இஸ்தோப்பில் நின்று, தட்டை மூடியிருந்த துண்டைச் சட்டென்று உருவித் தலையைத் துவட்டினார். அப்போதுதான் உறைத்தது. துண்டெல்லாம் அதே வாசம். தட்டும் திறந்துவிட்டது. வெங்காயமும் கொழுப்புமாகக் குளிர்காற்றில் வாசம் நேரே கதவுக்குப் போயிற்று. அவர் துண்டை வீசிவிட்டுத் தட்டை எடுக்கக் குனிந்தார்.

"அப்பா."

குரல் ஈனமாக இருந்தது. வீரய்யா குனிந்தபடியே நின்றார்.

"அப்பா வந்துட்டாராம்மா?"

"வந்துட்டாருடி தங்கம். நீ படு," என்றாள் அம்மாக்கண்ணு உள்ளேயிருந்து.

"கறி வாசம் வருதும்மா. அப்பா கறி கொண்டாந்திருக்காரா? எனக்குப் பசிக்குது."

வீரய்யாவுக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. பிள்ளை பசி என்கிறாள்! மறுகணமே பயம் வந்தது. போயும் போயும் இதையா கேட்க வேண்டும்? ஆத்தா இறங்கியிருக்கிற உடம்பு. தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடத்தான் நினைத்தார். கதவு முழுக்கத் திறந்தது. அம்மாக்கண்ணு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியே சரிந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தப்புத்தான் புள்ள," என்றார் வீரய்யா. "வேலாயிட்ட குடுக்கத்தான் வச்சேன். இந்தா எடுத்துட்டுப் போயிர்றேன். என்னையத் திட்டு. அன்னைக்கும் நான்தான் வந்து நின்னேன், இன்னைக்கும் நான்தான். நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த திட்டிரு."

"அவனும் கேட்டான்," என்றாள் அம்மாக்கண்ணு.

"என்ன?"

"அன்னைக்கி நீங்க வந்து இஸ்தோப்புல நின்னீங்க. நாலு நாளா தண்ணி எறங்காத புள்ள, கண்ணத் தொறந்து, 'அம்மா, அப்பா கறி கொண்டாந்திருக்காரா, எனக்குக் கொஞ்சம் குடு'ன்னு கேட்டான். 'ஆத்தாவுக்கு ஆகாதுடா, அப்படிக் கேக்காத'ன்னு நான் அவன் வாயப் பொத்துனேன். இந்தக் கையாலதான் பொத்துனேன். அதுக்கப்பறம் அவன் ஒண்ணும் கேக்கல."

வீரய்யா தட்டோடு நின்றார். ஈரத் துணியில் உடம்பு நடுங்கியது.

"நீங்க வந்தது தப்பில்லீங்க. நான்தான் பொத்துனேன். யாருகிட்டச் சொல்ல? ரெண்டு வருசமா உங்க மொகத்தப் பாக்க முடியாம கெடந்தேன்."

இரண்டு வருடம் ஒரே சுவருக்குள், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து, ஆளுக்கொரு குற்றத்தைச் சுமந்திருக்கிறார்கள். என்ன பாவம் செய்தோம் என்று வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. அழ நேரமில்லை. உள்ளே பிள்ளை மறுபடியும், "பசிக்குதும்மா" என்றாள்.

அம்மாக்கண்ணு எழுந்தாள். வெளியே வந்து அவர் கையிலிருந்து தட்டை வாங்கினாள்.

"வேணாம் புள்ள. ஆத்தா கோவிச்சுக்கும்."

"ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவளும் புள்ள பெத்தவதானே?"

"அம்மாக்கண்ணு..."

"உள்ள வாங்க. ஈரத்தோட வெளிய நிக்காதீங்க."

ஏழு நாளைக்குப் பிறகு வீரய்யா தன் காம்பராவுக்குள் காலை வைத்தார். மஞ்சளும் வேப்பிலையும் மணந்த இருட்டு. வெள்ளைத் துணியில் பூரணி சுருண்டு கிடந்தாள். முகம் முழுக்க முத்து. கண் மட்டும் திறந்து அப்பாவைப் பார்த்தது. அவர் கிட்டப் போகப் பயந்து சுவரோரம் நின்றார்.

அம்மாக்கண்ணு அடுப்பில் கொதித்த கஞ்சிப் பானையின் வாயில் தட்டைத் தூக்கி வைத்தாள். உறைந்திருந்த கொழுப்பு உருகும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். வீரய்யாவுக்கு அந்த நேரம் நகரவேயில்லை. கொடுக்காதே என்று இன்னும் சொல்லலாம். சொல்லவேண்டும் என்று நாக்கு துடித்தது. கொடுத்து ஒன்று ஆகிவிட்டால்? கொடுக்காமல் ஒன்று ஆகிவிட்டால்? அவர் சொல்லவில்லை.

"இது என்னங்க, வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது? மூட மறந்துட்டீங்களா?"

"அது அப்படித்தானாம் புள்ள. மூடக் கூடாதாம்."

அவள் ஒன்றைப் பிய்த்து ஊதினாள். உள்ளே இருந்த சாறு விரலில் வழிந்தது. மாவின் ஓரத்தை அந்தச் சாற்றில் தோய்த்துப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். பூரணி தலையைத் திருப்பவில்லை. வாயைத் திறந்தாள். மென்றாள்; ரொம்ப நேரம் மென்றாள். வீரய்யா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"இன்னும்," என்றாள்.

அம்மாக்கண்ணு இன்னொரு துண்டு கொடுத்தாள். பிறகு ஒரு வாய் கஞ்சித் தண்ணி. அதுவும் இறங்கியது. வீரய்யா முழங்காலில் விழுந்து கட்டுப் போட்ட கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். காய்ச்சல் இன்னும் விடவில்லை. ராத்திரி எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் தண்ணிக்கு இன்னும் நாளிருக்கிறது.

ஒன்றரை கொழுக்கட்டையோடு பூரணி போதும் என்று கண்ணை மூடினாள். அம்மாக்கண்ணு குனிந்து மூச்சைக் கேட்டாள். கேட்டு நிமிர்ந்தவள், தட்டில் முழுசாய் இருந்த இரண்டில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கதவு நிலையிலிருந்து காய்ந்த வேப்பிலையில் ஓர் இணுக்கு ஒடித்து, சோலைமலை படுத்திருந்த சுவரோரமாகப் போட்டு, அதன்மேல் அதை வைத்தாள்.

"இது அவனுக்கு," என்றாள். "கேட்டு ரெண்டு வருசமாச்சு."